ஏழுக்கு ஆறு வழி

"பகடையில கள்ளத்தனம் இருக்கு சார். யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுத் தந்தா போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

சொர்ணம்மாள் இதைச் சொன்னபோது மணி பதினொன்று. குலுக்கல் நாலு மணிக்கு. அதற்குள் ஒரு திருடனைப் பிடித்துத் தர வேண்டும் என்றால் அவர் வேறு நல்ல இடமாகப் பார்த்துப் போயிருக்கலாம். எங்கள் துப்பறியும் நிலையத்தில் மின்விசிறியைக்கூட அடித்துத்தான் சுற்றவிட வேண்டும்.

என் பெயர் விஷ்ணுப்ரியா. அரசு வேலைக்கான பி.எஸ்.சி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டே பஞ்சாபகேசனிடம் உதவியாளராக இருக்கிறேன். ஆபீஸில் அவர் எனக்கு சார், கரமனை அக்ரகாரத்தில் எதிர்ப்பட்டால் மாமா. முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம் விசாரணை பார்த்தவர். இறந்துபோனதாகச் சர்டிபிகேட் வாங்கிய ஆளை டீக்கடையில் வைத்துப் பிடித்து, அவனுக்கும் சேர்த்து டீ சொன்ன மனிதர். ரிட்டயர் ஆனதும் சும்மா இருக்க முடியாமல் இந்தக் கடையைத் திறந்தார். சும்மாவே இருந்திருக்கலாம் என்று அன்று சாயங்காலம் எனக்குத் தோன்றியது.

"முதல்லேர்ந்து சொல்லுங்கோ," என்றார் சார்.

சொர்ணம்மாள் சொன்னார். ஆரியசாலையில் தமிழ் வணிகர்களுக்கு ஒரு தர்ம சபை இருக்கிறது. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகம் கெட்ட நோயாளி ஒருவரைத் தேர்ந்தெடுத்து, ஒரு வருஷத்துக்கு டயாலிசிஸ் செலவு முழுவதையும் சபை ஏற்கும். காத்திருக்கிறவர்கள் எப்போதும் பதினொரு பேர். ஒருவர் போனால் இன்னொருவர் வந்து அந்த எண்ணில் உட்காருவார். எண்கள் இரண்டு முதல் பன்னிரண்டு வரை.

"ஒண்ணு யாருக்கு?" என்று கேட்டேன்.

"பிள்ளையாருக்கு. சபையில எதுக்கும் ஒண்ணாம் நம்பர் பிள்ளையாருக்குத்தான். கடை அறையானாலும் பந்தியில இலையானாலும் மனுஷங்க ரெண்டுலேருந்துதான் தொடங்கணும்."

"பிள்ளையாருக்கு டயாலிசிஸ் வேண்டியிருக்காதே."

சார் என்னை முறைத்தார். சொர்ணம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. வருகிற நிலையிலும் அவர் இல்லை.

"பிள்ளையார் முன்னால ரெண்டு பகடையை உருட்டுவாவ. ரெண்டையும் கூட்டினா எந்த நம்பரோ அந்த ஆளுக்குக் கிட்டும். ரெண்டு பகடையில ரெண்டுக்குக் கொறஞ்சு விழாது, பன்னிரண்டுக்கு மேல விழாது. நம்ம நம்பரும் அதே. சாமியே அளந்து வச்ச கணக்குன்னு எல்லாரும் சொன்னாவ. இதுவரைக்கும் ஒம்பது குலுக்கல் ஆச்சு. ஏழு மட்டும் மூணு தடவை வந்தாச்சு. எங்க வீட்டுக்காரரு ரெண்டாம் நம்பரு. ஒண்ணரை வருஷமா அந்த ரெண்டு ஒருக்காகூட எட்டிப் பாக்கல்ல."

"பகடையை உருட்டறது யாரு?"

"செக்ரட்டரி ஹரிகுமார். மொதல்ல ஏழு வந்தது அவிய கடையில மூட்டை தூக்குத லோடிங்காரனுக்கு. இப்போ ஏழுல ஒரு பொன்முடி எஸ்டேட்காரி இருக்கா. இன்னிக்கும் ஏழுதான் விழும், நீங்க வேணும்னா பாருங்க."

அவர் கணவர் சிவதாணுவுக்கு வாரத்தில் மூன்று முறை டயாலிசிஸ் வேண்டும். பணத்தட்டுப்பாட்டில் இரண்டாக இருந்தது, இந்த மாதம் முதல் ஒன்றாகிவிட்டது. கால் வீங்கிச் செருப்பு நுழைவதில்லை. படுத்தால் மூச்சு முட்டுவதால் நாற்காலியிலேயே தூங்குகிறார். வேறு எங்கே கேட்டாலும் வரிசை நீளம்.

"எனக்கு இன்னிக்கு அந்த இடம் வேணும் சார்," என்றார் சொர்ணம்மாள். "அடுத்த குலுக்கலுக்கு அவிய இருப்பாவளான்னு எனக்குத் தெரியல்ல."

சார் குடையை எடுத்தார்.

ஆரியசாலையில் மிளகாய் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. சபை மண்டபத்துக்குப் போய்ச் சேருவதற்குள் தும்மித் தும்மி எனக்குக் கண்ணெல்லாம் நீர். செக்ரட்டரி ஹரிகுமார் பெருங்காய மொத்த வியாபாரி. ஆள் வருவதற்கு முன்னால் வாசனை வந்துவிட்டது.

"கள்ளப் பகடையோ? ஞான் உருட்டறதோ?" அவருக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. "இந்தாங்கோ. கொண்டு போயி உடைச்சுப் பாருங்கோ. உள்ள ஈயம் இருந்தா சபையை இழுத்துப் பூட்டிட்டு ஞான் வீட்டுக்குப் போறேன்."

ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. உள்ளங்கையில் அடங்குகிற மரப் பகடைகள். சார் வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு டீ சொன்னார். உடலுழைப்பு எல்லாம் எப்போதும் என் பங்கு.

மண்டபத்து ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சிவப்பை மட்டும் உருட்டினேன். டீ ஆறும்வரை உருட்டினேன். ஒன்றிலிருந்து ஆறு வரை எல்லா முகமும் ஏறக்குறைய ஒரே அளவில் வந்து போயின. வெள்ளையும் அப்படியே. ஒன்றை ஒன்று மிஞ்சிய நல்ல பிள்ளைகள். பிறகு இரண்டையும் சேர்த்து உருட்டினேன். எட்டு, ஏழு, ஐந்து, ஏழு, ஆறு, ஏழு.

"சார், தனித்தனியா இருந்தா சாது. ஜோடி சேர்ந்தா ஏழுக்குத்தான் ஓடறது."

"உங்க காலேஜ் பசங்க மாதிரி," என்றார் சார்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, எனக்கு மண்டையில் பளிச்சென்றது. கோச்சிங் வகுப்பில் ஒரு வாரம் முழுக்க இதைத்தான் போட்டு அரைத்தார்கள். எழுந்து போய் ஹரிகுமாரின் மேஜையில் மாதிரிக்கு வைத்திருந்த புளியிலிருந்து கொட்டைகளைப் பிரித்து எடுத்துக்கொண்டு வந்தேன். அப்போது எனக்கிருந்த உற்சாகத்தை இப்போது நினைத்தால் என்னையே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

"சிவப்புல ஆறு முகம், வெள்ளையில ஆறு முகம். ஜோடி மொத்தம் முப்பத்தாறு," என்றேன். "எந்த ஜோடியும் இன்னொண்ணைவிட ஒசத்தி இல்லை. இப்போ கூட்டிப் பாருங்கோ. ரெண்டு வரணும்னா ரெண்டு பகடையிலும் ஒண்ணு விழணும். ஒரே வழி." ஒரு கொட்டையை வைத்தேன். "மூணு வரணும்னா சிவப்புல ஒண்ணு வெள்ளையில ரெண்டு, இல்லேன்னா சிவப்புல ரெண்டு வெள்ளையில ஒண்ணு. ரெண்டு வழி."

"அது ரெண்டும் ஒண்ணு அல்லே?" என்றார் ஹரிகுமார். "ஒண்ணும் ரெண்டும் மூணு. ரெண்டும் ஒண்ணும் மூணு."

சார் டீக் கிளாஸைக் கீழே வைத்தார். "உங்களுக்குத் தம்பி உண்டா?"

"உண்டு."

"அண்ணா பாஸ், தம்பி ஃபெயில். தம்பி பாஸ், அண்ணா ஃபெயில். உங்காத்துல ரெண்டும் ஒண்ணா இருந்துதோ?"

ஹரிகுமார் யோசித்தார். யார் ஃபெயில் என்பது முகத்திலேயே தெரிந்தது. "ஷரி, வேற வேறதான்," என்று ஒப்புக்கொண்டார்.

நான் கொட்டைகளை அடுக்கிக்கொண்டே போனேன். நாலுக்கு மூன்று, ஐந்துக்கு நாலு, ஆறுக்கு ஐந்து. ஏழுக்கு ஆறு. அதற்கு மேல் இறக்கம். எட்டுக்கு ஐந்து, ஒன்பதுக்கு நாலு, பத்துக்கு மூன்று, பதினொன்றுக்கு இரண்டு, பன்னிரண்டுக்கு மறுபடி ஒன்றே ஒன்று. மேஜையில் கொட்டைகள் நடுவே உயர்ந்து இரண்டு பக்கமும் சரிந்து நின்றன. அதற்குள் லோடிங்காரர்களும் பக்கத்துக் கடைக்காரர்களும் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

"யாரும் களவு செய்யல்லை. பகடை சுத்தம். ஏழாம் நம்பர்காரருக்கு முப்பத்தாறுல ஆறு. அதாவது ஆறுல ஒண்ணு. ரெண்டாம் நம்பர்காரருக்கு முப்பத்தாறுல ஒண்ணு."

"அப்போ மூணு பகடை போட்டா ஷரியாகுமே," என்று ஒரு மொச்சை வியாபாரி வழி சொன்னார்.

"இன்னும் மோசமாகும் அண்ணாச்சி. மூணு பகடையில சேர்க்கை மொத்தம் இருநூத்திப் பதினாறு. பத்துக்கும் பதினொண்ணுக்கும் ஆளுக்கு இருபத்தேழு வழி. மூணுக்கும் பதினெட்டுக்கும் அதே ஒண்ணுதான். பகடை சேரச் சேர நடுவுல இருக்கறவாளுக்குக் கொண்டாட்டம், ஓரத்துல இருக்கறவாளுக்குத் திண்டாட்டம்."

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் சிரித்தால் எனக்கு வாய் நிற்காது.

"ரெண்டாம் நம்பர் ஒரு தடவை விழறதுக்குச் சராசரியா முப்பத்தாறு குலுக்கல் காத்திருக்கணும். ரெண்டு மாசத்துக்கு ஒண்ணுன்னா ஆறு வருஷம்."

சொல்லி முடித்த பிறகுதான் சொர்ணம்மாள் என் பக்கத்திலேயே நிற்பது ஞாபகம் வந்தது. அவர் மேஜையின் ஓரத்தில் இருந்த அந்த ஒற்றைக் கொட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருஷமா," என்றார். அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "முதல் மரியாதைன்னுல்லா அந்த நம்பரை அவியளுக்குக் கொடுத்தாவ. நான் அன்னிக்குத் தேங்கா உடைச்சேன்."

ஹரிகுமார் நல்ல மனிதர். "அம்மா, தெய்வத்தாணை எங்களுக்கு இது மனசிலாகல்லை. சாமி கணக்குன்னு நினைச்சுட்டோம்." பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "இன்னிக்குப் பகடை வேண்டாம். பழையபடி சீட்டு எழுதிக் குலுக்கலாம். பதினொரு சீட்டு, பதினொரு பேரு. எல்லாருக்கும் சமம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். சொர்ணம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கோயிலுக்குப் போனார். கேஸ் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. எனக்குத் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

சாருக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. "ஹரிகுமார், இந்த நம்பரையெல்லாம் யார் யாருக்குக் கொடுத்தா?"

"யாரும் கொடுக்கல்லை சார். அவரவர் இஷ்டம். சிவதாணு அண்ணாச்சி சபைக் கணக்கை அத்தனை காலம் பாத்தவரு. அதனால முதல்ல அவரைக் கேட்டோம். ரெண்டு எடுத்தாரு. பிள்ளையாருக்கு அடுத்த இடம், எங்களுக்கும் திருப்தி. கோலப்பன் முதலாளி பன்னிரண்டு எடுத்தாரு, பன்னிரண்டு ராசின்னுட்டு. அவருக்கு மக்கள் எல்லாம் துபாயில, சபை வேணும்னே இல்லை, பேருக்கு நிக்கிறாரு. பதினொண்ணு மொய்க்கணக்கு, மங்கலம், அதுக்கு அடிபிடி. ஏழுன்னா ஏழரை ஞாபகம் வரும், எட்டுன்னா அஷ்டமம். அது ரெண்டும் யாருக்கும் வேண்டாம். கடைசியில வந்த பாவப்பட்டவங்களுக்குத்தான் போச்சு."

நான் சிரித்துவிட்டேன். மங்கலம் பார்த்துப் பார்த்து முதலாளிகள் எல்லோரும் தங்களைத் தாங்களே ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். இப்படி ஒரு நகைச்சுவை ஊரில் வேறெங்கும் கிடைக்காது.

"பகடை யாரோட யோசனை?" என்றார் சார்.

"சிவதாணு அண்ணாச்சிதான். சீட்டுன்னா ஆளுக்கு ஆள் சந்தேகம், பகடைன்னா எல்லாரும் கண்ணால பாக்கலாம்னு மீட்டிங்ல சொன்னாரு."

சார் என்னைப் பார்த்தார். என் சிரிப்பு நின்றுவிட்டது.

மண்டபத்துப் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது. முகத்தில் லேசான வீக்கம். இடது கையில் ஊசி குத்திக் குத்திப் புடைத்த நரம்பைத் துப்பட்டாவால் மூடியிருந்தாள். ஏழாம் நம்பர் இவள்தான் என்று ஹரிகுமார் சொல்லியிருந்தார். பெயர் ஆர்யா. பொன்முடி எஸ்டேட் தொழிலாளர் லைனில் வீடு.

"நாலு மணிக்குத்தானே குலுக்கல். இப்பவே வந்துட்டியே," என்றேன்.

"இதை விட்டா வேற பஸ் இல்லக்கா. காலையில இறங்கினது. சாயங்காலம் இருக்கறதைப் பிடிச்சாத்தான் ராத்திரிக்குள்ள மேல போகலாம். பையனை மாமியார்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன்." வாரத்தில் இத்தனை முறை இந்த வளைவுகளில் இறங்கி ஏறுவதில் பாதி உயிர் பஸ்ஸிலேயே போகிறது என்றும், கல்லாறு தாண்டும்வரை வாந்தி நிற்காது என்றும் சொன்னாள். புகாராகச் சொல்லவில்லை.

"ஏழாம் நம்பரை நீயேதான் எடுத்துண்டியா?" என்றார் சார்.

"இல்லண்ணே. நான் வந்தப்போ ஏழும் ஒம்பதும் காலியா இருந்துச்சு. எனக்கு ஒம்பதுதான் வேணும்னு இருந்துச்சு, பையன் பொறந்த தேதி. சிவதாணு மாமாதான் வேண்டாம், ஏழு எடுத்துக்கன்னாரு. டயாலிசிஸ் பண்றப்போ அவருக்குப் பக்கத்துப் படுக்கை எனக்கு. அங்கதான் பழக்கம். முன்னாடி ஒரு லோடிங் அண்ணனுக்கும் அவருதான் சொன்னாராம். கைராசிக்காரர்னு எல்லாரும் அவரைத்தான் கேப்பாங்க."

சார் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"உள்ள என்னமோ மாத்திட்டாங்களாமே அக்கா. சீட்டு போடறாங்களாம். அது எனக்கு நல்லதா?"

ஆறில் ஒன்று என்றிருந்தது அவளுக்குப் பதினொன்றில் ஒன்றாகிவிட்டது. அதைச் செய்தது நான். "எல்லாருக்கும் சமம்," என்றேன்.

"அப்போ நல்லதுதான்," என்றாள்.

சிவதாணுவின் வீடு இரண்டு சந்து தள்ளி, ஒரு கிடங்குக்கு மேலே. கதவு சாத்தாமல் இருந்தது. அவர் நாற்காலியில் முன்னால் சாய்ந்து, தலையணையை மடியில் வைத்து அதன்மேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் நிமிர முயன்றார்.

"சொர்ணம் இன்னிக்கு எங்கயோ போவான்னு தெரியும். டிடெக்டிவ்கிட்டன்னு நினைக்கல்ல," என்றார். "பகடையை உடைச்சுப் பாத்தாச்சா?"

"பகடை சுத்தம்," என்றார் சார். "ஆளைப் பிடிச்சுட்டேன்."

சிவதாணு சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அது அடங்க நேரமாயிற்று.

"பிடிச்சாச்சுல்லா. என்ன செய்யப் போறிய?"

"ஏன்னு தெரிஞ்சுண்டு போலாம்னு வந்தேன்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே யாரோ மூட்டைக்கு இடம் காட்டிச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முன்ன சீட்டுதான் போட்டுக்கிட்டு இருந்தோம். அப்போ தையல் வேலை பாக்கிற ஒரு பிள்ளை வந்து நின்னா. கையில கொழந்தை. மூணு குலுக்கல்ல அவ பேரு வரல்ல. அந்த மூணுல ஒண்ணு, வீட்டுல ரெண்டு காரு வச்சிருக்கவனுக்குப் போச்சு. நாலாவது குலுக்கலுக்கு அவ இல்ல. சீட்டுக்கு ஆளைத் தெரியுமா? தெரியாது. எனக்குத் தெரியும்லா. சபையில போயி யாருக்கு ரொம்ப வேணும்னு கேட்டா ஆளுக்கொரு மச்சான் பேரைச் சொல்லுவாவ. பேசி நடக்காது. அதான் நம்பர்ல வச்சேன். பெரிய ஆளுங்களுக்கு நான் ஒண்ணும் செய்ய வேண்டாம், மங்கலம் பாத்து அவியளே ஓரத்துல போயி நின்னுக்கிட்டாவ. சின்னப் பிள்ளைங்களுக்கு மட்டும் ஆறு, ஏழு, எட்டுன்னு காதுல சொன்னேன்."

"அது ஏமாத்துதானே மாமா," என்றேன். எனக்கு அப்போதும் நியாயம் பேசத் தெரிந்திருந்தது.

"ஏமாத்துதான் மக்ளே. கோலப்பனையும் ஏமாத்தினேன், என்னையும் ஏமாத்தினேன்."

சார் நாற்காலியை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உங்களுக்கு வேண்டாம்னா பேரை எடுத்திருக்கலாமே. எதுக்கு லிஸ்ட்ல இருந்துண்டு, ரெண்டாம் நம்பர்ல ஒளிஞ்சுண்டு?"

சிவதாணு தலையணையைத் தடவினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்.

"சொர்ணம் மூஞ்சைப் பாத்து வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வராது சார். எனக்கு மட்டும் வாழ ஆசை இல்லையா? கையில கொண்டுவந்து தந்தா வாங்கிருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும். அதுக்குத்தான் கைக்கு எட்டாத எடத்துல கொண்டு வச்சேன். அவளுக்கு நம்பிக்கை இருக்கும், எனக்கு வராது. ரெண்டு பேருக்கும் மனசு நிம்மதி."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அண்ணாச்சி," என்றார் சார். "இன்னிக்குப் பகடை இல்லை. சீட்டு."

அவருக்குப் புரியச் சற்று நேரமாயிற்று. "கணக்கை யாரு சொன்னா?"

பள்ளிக்கூடத்தில் போல நான் கையைத் தூக்கினேன்.

"வெளங்கும்படியா சொன்னியா?"

"புளியங்கொட்டை வச்சு அடுக்கிக் காட்டினா," என்றார் சார். "மொச்சை வியாபாரிக்குக்கூட வெளங்கிடுத்து."

சிவதாணு கண்ணை மூடிக்கொண்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குப் பரவாயில்லை என்று இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. "ஒரு ஆட்டோ கூப்பிடு மக்ளே," என்றார். "நானே வந்து பேரை எடுத்துருதேன். அந்தப் பொன்முடிப் பிள்ளைக்குப் பத்துல ஒண்ணாவது ஆகட்டும்."

மாடிப்படியில் அவரை இறக்குவதற்கு இரண்டு லோடிங்காரர்கள் வேண்டியிருந்தது. மண்டபத்தை அடைந்ததும் சார் ஹரிகுமாரைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். டாக்டரை வைத்து, யாருக்கு அவசரம் என்று பார்த்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். ஹரிகுமார் கையைக் கூப்பினார்.

"சார், அதைச் செய்ய ஞான் தயார். சபை தயார் இல்லை. நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஒரு டாக்டரைக் கூட்டிட்டு வருவான். இத்தனை நாள் நடந்ததே அநியாயம்னு இப்பத்தான் எல்லார் முன்னாலயும் தெரிஞ்சது. இனி சமம்னாத்தான் ஒத்துப்பாங்க."

சாரால் இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. சிவதாணு செய்ததைச் சொன்னால், ஏழிலும் எட்டிலும் ஜெயித்து இப்போது டயாலிசிஸ் நடந்துகொண்டிருப்பவர்களின் இடத்தைச் சபை பிடுங்கும். செத்தவனை உயிரோடு பிடித்த மனிதர், குடையை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார்.

மிச்சம் இருந்தது சிவதாணுவின் வாய் ஒன்றுதான். ஆனால் மண்டப வாசலில் சொர்ணம்மாள் நின்றிருந்தார். கையில் உடைத்த தேங்காய், நெற்றியில் புதுக் குங்குமம். கணவரைப் பார்த்ததும் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"நீங்களே வந்துட்டியளா. நான் கும்பிட்டது வீண் போகல்ல பாத்தியளா. இப்போ எல்லாருக்கும் சமமாம். இந்தக் கொச்சுப் பிள்ளைதான் கண்டுபிடிச்சுச்சு." என் கன்னத்தைத் தொட்டார். "உங்க பேரை நானே எழுதி நானே மடிச்சுப் போட்டேன்."

சிவதாணு வாயைத் திறந்தார். சொர்ணம்மாள் குனிந்து, வீங்கிய காலுக்குக் கீழே ஒரு பலகையை நகர்த்தி வைத்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

பித்தளைச் செம்பில் பதினொரு சீட்டு. வந்திருக்கிற நோயாளிகளில் வயதில் இளையவர் எடுப்பது அந்தச் சபையின் வழக்கமாம். ஹரிகுமார் சுற்றிப் பார்த்தார். "ஆர்யா மோளே, நீ வா."

ஆர்யா வந்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, பிள்ளையாரை ஒருமுறை கும்பிட்டு, செம்புக்குள் கையை விட்டாள். நான் அவளுடைய பெயருக்காக வேண்டிக்கொண்டேன். பகுத்தறிந்து கணக்குச் சொன்ன அதே வாயால்தான் வேண்டினேன். அவள் சீட்டைப் பிரித்துப் படித்தாள். முகம் ஒரு கணம் வாடியது. ஆனால் உடனே நிமிர்ந்து சிரித்தாள்.

"மாமா, உங்க பேருதான்."

சொர்ணம்மாள் கையிலிருந்து தேங்காய் நழுவி உருண்டது. கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினொன்றில் ஒன்று. விழுந்துவிட்டது.

சபை முறைப்படி ஹரிகுமார் அவர் முன்னால் வந்து நின்றார். "அண்ணாச்சி, பிள்ளையார் சாட்சியா கேக்கறேன். சம்மதம்தானே?"

மண்டபம் காத்திருந்தது. சிவதாணு ஆர்யாவைப் பார்த்தார். அவள் இன்னும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, நல்ல சேதி கொண்டு வந்தவள் மாதிரி நின்றிருந்தாள். பிறகு தன் தோள்மேல் இருந்த சொர்ணம்மாளின் கையைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லுங்கள் என்று நான் உள்ளுக்குள் கெஞ்சினேன். அடுத்த நொடியே, சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். எதை வேண்டுகிறேன் என்றே எனக்குத் தெரியவில்லை.

"சம்மதம்," என்றார் சிவதாணு. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அதைச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

வெளியே வரும்போது சொர்ணம்மாள் பின்னாலேயே ஓடி வந்தார். "சார், அந்தக் கள்ளன் யாருன்னு கடைசி வரைக்கும் சொல்லல்லியே."

"கள்ளன் இல்லைம்மா," என்றார் பஞ்சாபகேசன். "நீங்கதான் தப்பா நினைச்சுண்டேள். ஆத்துக்கு அழைச்சுண்டு போய் கஞ்சி கொடுங்கோ."

அவர் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். சார் படியில் நின்று தெருவையே பார்த்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக, பிடித்த ஆளை விட்டுவிட்டு வருகிறார் என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்கவில்லை.

ஆர்யா செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"மாமாவுக்கு வந்தது நல்லதாச்சுக்கா. பாவம், மூச்சு விடவே முடியல," என்றாள். பையைத் தோளில் மாட்டியவள், போகாமல் நின்றாள். "அக்கா, நீங்கதானே கணக்கெல்லாம் சொன்னீங்க. நம்பரை மாத்திக்கலாம்னு செக்ரட்டரி சொல்றாரு. அடுத்த தடவைக்கு எனக்கு எந்த நம்பர் நல்லது?"

"இனிமே சீட்டுத்தானே, எந்த நம்பரா இருந்தாலும் ஒண்ணுதான் ஆர்யா."

நான் ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்தாள் போல. என் கையை லேசாக அழுத்திவிட்டு, மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.